தானாக ஆறிய பலகை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒரகடத்தில் நடந்தது. அங்குள்ள ஒரு கம்பெனி, விரிசல் விட்டால் 'தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும்' கார்ப் பலகையைத் தயாரித்தது. இழைகளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பிசின் குமிழ்கள். அடி விழுந்தால் குமிழ் உடைந்து, பிசின் கசிந்து, விரிசல் மூடிக்கொள்ளும்.

மூடுவதற்கு இரண்டு நாள் ஆகும் என்பது மட்டும் சிறு குறை. பார்வையிட வரும் பெரிய மனிதர்களுக்கோ இருப்பது ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. ஜெனரல் மேனேஜர் இராமச்சந்திரன் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு அவர்களைச் சாப்பிட அழைத்துப் போவார். சூப்பர்வைசர் நரசிம்மன் அவருக்கும் தெரியாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் பிரிவுக்கு ஓடுவார்.

"பாண்டிச்செல்வி, சோத்த அப்பால துன்னுக்கலாம். மொதல்ல இத்த ஆத்தும்மா."

"எம் பர்மனென்ட் என்னாச்சு சார்?"

"அதுக்குத்தான் எழுதிக்கினே கீறேன்."

கான்ட்ராக்ட் தொழிலாளியான பாண்டிச்செல்வி அதை நம்பினாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே பிசின் ஊற்றி, சூடு காட்டி, தேய்த்து, மெருகேற்றினாள். விருந்தினர்கள் ஏப்பத்தோடு திரும்பி வந்து கைதட்டினார்கள். இப்படி ஒன்பது முறை 'அறிவியல்' வென்றது. ஆண்டறிக்கையில் 'மனிதக் கை படாமல்' என்று தடித்த எழுத்தில் போட்டார்கள்.

வெற்றி தலைக்கேறிய நிர்வாகம் கூடிச் சிந்தித்தது. தானே ஆறும் பொருளுக்கு ரிப்பேர் பிரிவு எதற்கு? உடனே அது மூடப்பட்டது. நரசிம்மனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். உண்மையைச் சொன்னால் ஒன்பது வெற்றியும் போய்விடுமே! எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

பாண்டிச்செல்விக்கு வயிறு பற்றி எரிந்தது. பட்டினி கிடந்து தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டாளே!

மறுநாள் கம்பெனி கொடுத்த ஷூவையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். அன்றைக்கென்று பார்த்து வெளிநாட்டு விருந்தினர்கள். இராமச்சந்திரன் அடித்தார், சாப்பிட அழைத்துப் போனார், திரும்பி வந்தார். விரிசல் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே கிடந்தது.

வேர்த்து விறுவிறுத்த நரசிம்மன் கேட்டுக்கு ஓடி, பாண்டிச்செல்வியைக் கெஞ்சி அழைத்து வந்து இராமச்சந்திரன்முன் நிறுத்தினார்.

"சார், பலகைய பத்தி இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும்."

"ஏம்மா, ஒன்பது தடவ ஒழுங்கா ஆறின பலகைக்கு இன்னிக்கு என்ன கேடு?" என்று சீறினார் இராமச்சந்திரன்.

பாண்டிச்செல்வி விரிசலைத் தடவிப் பார்த்தாள்.

"அதுக்கு நேத்தோட கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டுல்லா சார்!"