இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று கன்றுகளைக் காணோம்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் உங்கள் பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் இருபத்திரண்டு மாடுகளும் சுகம். அங்கே உங்கள் இடது கால் மாவுக்கட்டுக்குள் நல்லபடியாகக் கூடிவருகிறது என்றும், வலது கால் வழக்கம்போல் இருக்கிறது என்றும் நம்புகிறேன். என் மகள் வேளாவேளைக்கு மாத்திரை தருகிறாளா? தரும்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நேரம் என்பது ஒரு குத்துமதிப்புதான்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனை எடுப்பது உங்கள் மனைவி. "எல்லாம் நல்லா இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டு, நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் "சரிப்பா, அவர் தூங்கறார்" என்று வைத்துவிடுகிறாள். மேலும் நான் சொல்லப்போவது சாதாரண விஷயம் அல்ல, எழுத்தில்தான் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துடன் உங்கள் மாட்டுக்காரரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு ஒன்றை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்பிவிடவும். திங்கட்கிழமை முதல் அந்த ஆள் இங்கே இருக்கக் கூடாது. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். படுத்தபடியே படிக்கவும், தயவுசெய்து எழுந்துவிட வேண்டாம்.

நீங்கள் புல் பரணிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த குறிப்பு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பேச்சில் எவ்வளவு சிக்கனமோ எழுத்தில் அதைவிடச் சிக்கனம் நீங்கள். ஏழே வரி. இருந்தாலும் முப்பத்தாறு வருஷம் கிடங்கு கிடங்காகப் போய்ச் சரக்கு இருப்பைச் சரிபார்த்தவனுக்கு ஏழு வரி போதும். முதல் நாளே மாட்டுக்காரரைக் கூப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தானாக யோசனை சொல்லக் கூடாது, குறுக்கே பேசவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு இந்த நாற்பது நாளும் உங்கள் குறிப்பை வரி பிசகாமல் நிறைவேற்றி வருகிறேன்.

'மாடுகளைக் கன்றுகள் பக்கம் விட வேண்டாம்' என்பது முதல் வரி. தொழுவத்தில் ஏழு கன்றுகளும் தாயோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தன. எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் உத்தரவு உத்தரவுதானே. ஏழையும் பிரித்து, புல் அறுக்கிறீர்களே அந்த நடுக்கட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாட்டுக்காரர் வாயைத் திறந்தார், நான் விரலைத் தூக்கினேன், மூடிக்கொண்டார். அன்று முழுக்கத் தாய்மாடுகள் உங்கள் தேக்குத் தோப்பில் மரங்களுக்கு நடுவே நின்று என்னைப் பெயர் சொல்லித் திட்டாத குறையாகக் கத்தின. அந்தச் சிவப்பு மாடு தோப்பை விட்டு வெளியே வந்து, சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேசைமேல் இருந்த உங்களுக்கான என் முதல் அறிக்கையை முழுதாகத் தின்றுவிட்டது. நாலு பக்கம், இரண்டு அட்டவணை. அதில் இருந்ததையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

அடுத்த வரி, 'கன்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றிக் கட்டவும்.' ஊன்றினேன், மாப்பிள்ளை. என் கையாலேயே ஏழு கம்பு ஊன்றி ஏழு கன்றையும் கட்டினேன். எதற்கு இவ்வளவு மெல்லிய கம்பு, பருத்த முளையாக அடிக்கக் கூடாதா என்று தோன்றத்தான் செய்தது, ஆனாலும் நீங்கள் கம்பு என்று எழுதியிருக்கும்போது நான் யார் முளை அடிக்க? அரை மணி நேரம் நின்றன. பிறகு ஒன்று தும்மியது, கம்பு பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான், ஏழும் ஆளுக்கொரு கம்பை இழுத்துக்கொண்டு காயப்போட்ட புல்லின் மேல் ஓடின. நானும் ஓடினேன். என் வயதில் ஓடுவது என்றால் உங்களுக்குத் தெரியும், கால் ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம் போகும். ஒரு நன்மை, அன்று மாலை மறுபக்கமும் காயப் புல்லைத் திருப்பிப்போட வேண்டியிருந்தது, அந்த வேலை தானாகவே முடிந்துவிட்டது. பிறகு பருத்த கம்புகளாகப் பார்த்து ஊன்றினேன்.

'மாலையில் ஒரு குடம் தண்ணீர், அடியில் ஊற்றவும்.' இதைப் படித்தபோது, ஏன் அடியில், வாயில் காட்டினால் குடிக்காதா என்று ஒரு கணம் யோசித்தேன். குளம்புக்குக் குளிர்ச்சி என்று நீங்கள் ஏதாவது படித்திருப்பீர்கள். தினமும் ஏழு குடம் சுமந்து ஏழு கன்றின் காலடியிலும் ஊற்றுகிறேன். அவை குனிந்து காலைப் பார்க்கின்றன, பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கின்றன. 'சுற்றிலும் ஒரு முழத்துக்குப் புல் இருக்கக் கூடாது' என்கிறீர்கள், அதையும் செதுக்கிவிட்டேன். ஒரு முழத்துக்கு அப்பால் பச்சைப்புல், இந்தப் பக்கம் நாக்கை நீட்டியபடி கன்று, நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான். 'ஞாயிறுதோறும் உயரம் அளந்து எழுதவும்' என்பதுதான் எனக்குப் பிடித்த வரி. ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்துத் தனி நோட்டே போட்டுவிட்டேன். இதில் நாலாம் நம்பர் மட்டும் ஒரே வாரத்தில் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. திகைத்துப்போய் மூன்று முறை அளந்தேன். காலடியில் ஊற்றிய தண்ணீரில் சேறாகி அது கொஞ்சம் இறங்கி நின்றிருக்கிறது. காரணத்தை ஓரக்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

புல் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னச் சறுக்கல், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'புல் பூக்கும் முன் அறுத்துக் காயவைத்துக் கட்டவும்' என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு காய வேண்டும் என்று எழுதவில்லை. மேகம் கறுத்ததைப் பார்த்து அவசரப்பட்டு, ஈரம் இருக்கும்போதே கட்டி, கொட்டகையில் அடுக்கிவிட்டேன். நாலாம் நாள் அடுக்குக்குள் கையை விட்டால் சுடுகிறது, மேலே ஆவி வருகிறது. தீப்பிடித்துவிட்டது என்று பத்துக் குடம் தண்ணீரை ஊற்றினேன். மாட்டுக்காரர் ஓடிவந்து, ஒரு வார்த்தை பேசாமல், கட்டு கட்டாக வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்தார். ஈரப் புல்லை நெருக்கி அடுக்கினால் தானாகவே சூடேறுமாம். நான் கேட்ட பிறகுதான் சொன்னார். இருநூற்றுப் பத்துக் கட்டில் முப்பது கட்டு கறுத்துப்போனது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். குறிப்பின் கடைசி வரியை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை, மடிப்பில் மறைந்திருந்தது. '300 கன்றும் பத்திரம்.' மாப்பிள்ளை, முன்னூறு! தொழுவத்தில் இருந்தது ஏழு. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று கன்றுகள் எங்கே? என் உத்தியோகத்தில் சிமெண்டு மூட்டை குறைந்து பார்த்திருக்கிறேன், எண்ணெய் பீப்பாய் குறைந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு பெரிய குறைவைப் பார்த்ததே இல்லை. உடனே அந்த ஆளைக் கூப்பிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்டேன்.

"கன்னு எத்தனை இருக்கு?"

"முன்னூறுங்க."

"எங்கே?"

"வடக்கே, கம்பி வேலிக்குள்ள நிக்குதுங்க."

என்ன துணிச்சல் பாருங்கள். நானே நேரில் போனேன். கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாக ஏதோ செடி நிற்கிறது. வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஒரு வால் கிடையாது, ஒரு குளம்புத் தடம் கிடையாது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் அந்த ஆளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். மாலையானால் மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு எங்கோ போகிறார், இரண்டு மணி நேரம் கழித்து முழங்கால் வரை சேறோடு வருகிறார். கறுத்துப்போன முப்பது கட்டுப் புல்லையும் காணோம். பாலும் குறைந்துகொண்டே வருகிறது. தண்ணீர், புல், பால் எல்லாம் போகிற இடத்தில்தான் அந்த இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது என் முடிவு.

ஆறு வருஷம் உங்களோடு இருந்தவர், நீங்கள் நம்பியவர், எனக்கும் எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மனம்விட்டு ஒன்று சொல்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மரம் வளர்வதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு உத்தியோகமா என்று நான் நாலு பேர் முன்னால் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்குத்தான் அந்தப் பேச்சு பதினோரு வருஷமாக உறுத்துகிறது. உங்கள் கால் கூடும்வரை இங்கே இருக்கும் இந்த இரண்டு மாதத்தில் உங்களிடம் ஒரு நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன். நீங்கள் திரும்பி வரும்போது பண்ணை கட்டுக்கோப்பாக இருக்கும். அதற்கு இந்த ஆள் போயாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு என் ஆசி. உங்கள் காலுக்கு என் தனிப்பட்ட ஆசி.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

இணைப்பு: நீக்க உத்தரவு ஒன்று. கன்றுகளின் உயர அட்டவணை ஒன்று.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உறையை ஒட்டுவதற்கு முன்னால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் உத்தரவுக்கு வலு சேருமே என்று இன்று மாலை வண்டியின் பின்னாலேயே நடந்து போனேன். வண்டி நேராக வடக்கே கம்பி வேலிக்குப் போய் நின்றது. மாட்டுக்காரர் உள்ளே போனார், ஒரு செடியின் அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அடுத்ததற்கு ஒரு குடம். ஒரு மாலைக்கு இரண்டு வரிசையாம். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பு ஊன்றிக் கட்டியிருந்தது. சுற்றிலும் ஒரு முழத்துக்குப் புல் இல்லை. அதற்கு வெளியே என்னுடைய கறுத்த புல்லை வெயில் படாமல் மண்ணுக்குப் போர்த்தியிருந்தார். சட்டைப் பையில் இருந்த உங்கள் குறிப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தாலும் கேட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"தேக்கங்கன்னுக்குத் தண்ணி ஊத்துறேங்க."

எங்கள் ஊரில் இதைச் செடி என்றுதான் சொல்வோம், மாப்பிள்ளை. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன். ஏழு வரியும் ஒவ்வொன்றாக என்னைப் பார்த்துச் சிரித்தன. பால் ஏன் குறைந்தது என்று கேட்டேன். விடிவதற்கு முன்னால் நான் கட்டிய கன்றுகளை அவர்தான் தினமும் அவிழ்த்துத் தாயிடம் விட்டு, குடித்ததும் திரும்பக் கொண்டுவந்து அதே கம்பில் கட்டியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே. கன்னுக்குட்டியை நீங்க பாத்துக்கிட்டீங்க, கன்னை நான் பாத்துக்கிட்டேன். ரெண்டும் நல்லாத்தானே இருக்குங்க."

எண்ணிப் பார்த்தேன், முன்னூறும் இருக்கின்றன. தொழுவத்துக் கணக்கையும் சேர்த்தால் முன்னூற்று ஏழு. ஆகவே குறைவு எதுவும் இல்லை, ஏழு அதிகம். ஏழையும் இன்றே தாயிடம் விட்டுவிட்டேன். சிவப்பு மாடு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீக்க உத்தரவைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. நல்ல தாள், வாசகமும் திருத்தமாக அமைந்திருக்கிறது. 'மாட்டுக்காரர்' என்ற இடத்தை மட்டும் அடித்துவிட்டு 'மாமனார்' என்று எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பவும். அனுப்புவதற்கு முன் அவரிடமும் வாசித்துக் காட்டினேன். கேட்டால்தானே சொல்வார், அதனால் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த புல் அறுப்பு முடியட்டுங்க, அப்புறம் அனுப்பிக்கலாம். நாலாம் நம்பர் இப்பல்லாம் நீங்க வந்து அளந்தாத்தான் தண்ணி குடிக்குது."

ஆகவே உத்தரவில் தேதியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.