பாதுகாவலர் கையொப்பம்

அமைதியான வகுப்பை நம்பாதவன் நான். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாயை மூடினால் அது ஒழுக்கமல்ல, சதி. (கவிதை எழுதுகிறவன் எதிலும் உள்ளர்த்தம் தேடுவான். தேடினால் கிடைக்காமலா போகும்?)

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் ஐயா. போன வருடம், மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று பத்தாம் வகுப்பில் கார்த்தியும் பாண்டியும் மோதியதில் பாண்டிக்கு முன்பல் போயிற்று.

"இனி ஒருதடவ வகுப்புல கை ஓங்குனா ரெண்டு பேருக்கும் டி.சி. தான்," என்றார் தலைமையாசிரியை. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. "நீங்க கவனிச்சுக்கங்கய்யா. மனசப் படிக்கிற ஆளு நீங்க."

அந்தப் புகழ்ச்சியில் போனதுதான் என் புத்தி. காம்பஸ் பெட்டிகளைக் குலுக்கிப் பார்த்தேன். உதடு அசைந்தால் மிரட்டல், அசையாவிட்டால் திட்டம்.

அடுத்த திங்கட்கிழமை, மதிய மணிக்குச் செத்த நேரம் முன்னால், வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. வெயில்கூட சன்னலில் நின்று ஒட்டுக்கேட்டது. எல்லாக் கண்களும் கடைசி பெஞ்சுக்கடியில் கார்த்தியின் பைமேல். பைக்கு வெளியே முழ நீளத்துக்கு இரும்புப் பிடி. கார்த்தியை ஒட்டிப் பாண்டி!

என்னடா அது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைமையாசிரியைக்கு ஆள் அனுப்பிவிட்டு, பிடியைப் பற்றி ஒரே இழுப்பு.

"ஐயா, கொட்டிரும்யா!" இருவரும் பையைக் கட்டிக்கொண்டார்கள். நானா விடுவேன்? பை கிழிந்தது, சட்டி உருண்டது, கதவு திறந்தது. தலைமையாசிரியையின் சுங்குடிச் சேலைக் கரையெல்லாம் பிரியாணி.

"யாருடா கை ஓங்குனது?"

அறையில் ஓங்கியிருந்தது ஒரே கை, என்னுடையது. அதில் ஒரு பிரியாணிக் கரண்டி.

"எங்கப்பா பிரியாணி மாஸ்டரும்மா," கார்த்தி அழுதான். "ராசியாயிட்டா ஒரே எலையில கறிச்சோறு திங்கணும்னு அவருதான் கட்டிக்குடுத்தாரு."

"கேட்டிருந்தா உங்களுக்கும் ஓரமா எடம் விட்டிருப்போமேய்யா," என்றான் பாண்டி, பல் போன சந்து வழியாக.

தலைமையாசிரியை இளகவில்லை. "வகுப்புல ரகளதான இது? டி.சி.ய எழுதுங்க."

"அம்மா," கரண்டியைக் கீழே இறக்கினேன், "ரகள பண்ணது நான் மட்டும்தாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தவர், மாணவர்களுக்கான மன்னிப்புக் கடிதப் படிவத்தை வரவழைத்தார். "அப்ப நீங்க எழுதிக் குடுங்க. அவங்கள விட்டுர்றேன்."

எழுதினேன். கடைசி வரி: பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

"இதுவுமாம்மா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தானய்யா?"

பையன்கள் இருவரும் பரீட்சை எழுதினார்கள். படிவத்தைப் பார்த்து என் மனைவி சிரித்து முடிக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று, அப்புறம்தான் கையெழுத்து.

இன்றைக்கும் தெருவில் நிற்கும் வண்டியை நான் இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தால் போதும், மகள் உள்ளே குரல் கொடுக்கிறாள்:

"அம்மா, பேனாவ எடு. அப்பா ஆரம்பிச்சிட்டாரு!"