குளிசைக் காக்கா திருப்பி வாங்கிய போத்தல்கள்

கல்முனையிலிருந்து கோமாரி வரையுள்ள கரையோரத்தில், ஆரோக்கியத்தின் பொருட்டு இத்தனை பாடுபட்டு நோயாளியானவர் குளிசைக் காக்கா ஒருவரே. அவருடைய இயற்பெயர் எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் நினைவில்லை.

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் திரும்புவோரின் பெட்டிகளில் பிள்ளைகளுக்குச் சொக்லேட்டும் காக்காவுக்குப் போத்தல்களும் இருக்கும். மீனெண்ணெய், உள்ளிப் பூண்டுச் சத்து, இரும்பு, கல்சியம். அரபு எழுத்திருந்தால் தனி மரியாதை. இதயத்துக்காக வைத்தியசாலையில் கொடுத்த, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையையும் இந்தச் சபையில் சேர்த்துக்கொண்டார். அயலவருக்கும் தாராளமாக வழங்கினார். மனைவியை இழந்து நித்திரையின்றிக் கிடந்த எனக்கும் ஒரு போத்தல் வந்தது.

"இலைச் சத்து, தம்பி. நித்திர தானா வரும்."

நோன்பு மாதத்தில் பகற்பொழுதுக்குரிய குளிசைகளும் அந்தி மஃரிபு பாங்குக்காகக் காத்திருந்தன. பாங்கு ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழம்; அதன் பின்னே ஒரு கைப்பிடிக் குளிசை.

"ஒண்டோட ஒண்டு அடிபடாதா, காக்கா?" என்றேன்.

"எல்லாம் நல்ல சாமான். நல்லவனுகள் ஏன் அடிபடப்போறானுகள்?"

நோன்பு மாதத்தில் பாதி கழியுமுன், ஓர் அந்தியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. நிற்கவேயில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம்.

"வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்றார் இளம் டாக்குத்தர்.

"நீங்க தந்த ஒண்டுதான், மகன்."

காக்காவின் மனைவி, போத்தல்கள் நிறைந்த சொப்பிங் பையைக் கட்டிலில் கொட்டினார். "பொய் சொல்லாதீங்க! இதெல்லாம் என்னவாம்?"

"அது மருந்தில்லகா. சாப்பாடு."

"வாப்பா," என்றார் டாக்குத்தர், "மீனெண்ணெயும் உள்ளியும் இரத்தத்த இளக்கும். எங்கட குளிசையும் அதுக்குத்தான். எல்லாம் சேர்ந்தா எப்படி நிக்கும்? இன்னும் பிந்தியிருந்தா ஆள் இல்ல."

காக்கா கட்டிலில் கிடந்த போத்தல்களைப் பார்த்தார். "அப்ப நல்லவனுகள் கூட்டுச் சேர்ந்துதான் அடிச்சிரிக்கானுகள்."

வீடு திரும்பியவர், தாம் வழங்கியவற்றையெல்லாம் வாசல் வாசலாகச் சென்று திருப்பிக் கேட்டார்.

"எனக்கு முழங்கால் சுகமாயிரிக்கி, காக்கா!" என்று போத்தலை ஒளித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இரிக்கட்டும். டாக்குத்தரிட்ட காட்டிப்போட்டு விழுங்குகா!"

கடைசியாக என்னிடம் வந்தார்.

"அப்ப என்ட நித்திரைக்கு?" என்றேன்.

போத்தலைச் சட்டைப்பையிலிட்டுக்கொண்டு, கதிரையை இழுத்து அமர்ந்தார். அன்று முதல் இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் வந்து, தம் வயிற்றின் வரலாற்றை விரிவாக எடுத்துரைப்பார். மலச்சிக்கல் அத்தியாயத்தைத் தாண்டி நான் விழித்திருந்ததில்லை.

சென்ற பெருநாளுக்குப் பின், மூப்பினால் மௌத்தான காக்காவை அடக்கம் செய்தோம். கிளினிக்கில் அதே டாக்குத்தர் இப்போது என்னையும் விசாரிக்கிறார்.

"நித்திரைக்கு ஏதும் எடுக்கிறீங்களா, சேர்?"

"முந்தி எடுத்தன்," என்றேன். "இப்ப கிடைக்கிறதில்ல."