இன்னும் ஒரே ஒரு ராவல்

முடிக்கப்போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. முடித்தவர் அல்லர்; முடிக்காதவர் என்று சொன்னாலோ சண்டைக்கு வந்துவிடுவார். எதைக் கேட்டாலும், "ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்பார். அசல் ஆளைப் பார்க்க வேண்டுமானால் மோதிரக்காரர் வீட்டுக்கு வாருங்கள். திரும்பும்போது உங்கள் உள்ளங்காலைத் தட்டி, ஒட்டிய வெள்ளித் தூளை வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்.

மனிதர் செய்வது சாதாரண மோதிரமா? விளிம்பைத் திருகினால், உள்ளே கடுகளவு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும் மோதிரம். கல்யாணமான புதிதில் மனைவியின் விரலை நூலால் அளந்து ஆரம்பித்தது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். மோதிரம் மேசையை விட்டு எங்கும் போகவில்லை. முதலில் சக்கரம் சிக்கியது. சிக்கலை எடுத்தால் சத்தம் வந்தது. சத்தத்தை நிறுத்தியதும், சத்தமே இல்லாவிட்டால் ஓடுவது எப்படித் தெரியும் என்று ஒரு கவலை பிடித்துக்கொள்ள, மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி, உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த மைத்துனரைத் தும்மக் கூடாது என்று மிரட்டிவிட்டு, அரத்தால் ராவ உட்கார்ந்தார். மைத்துனர் தும்மினார். அதோடு அந்த உறவும் ஒரு சக்கரமும் போயின.

மனைவி நச்சரிக்கிறவள் அல்லள். "உனக்குத்தானாமே அந்த மோதிரம், எங்க காட்டு" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது மட்டும் வெறும் விரலை மடக்கிக்கொள்வாள். அந்த மடக்கல் பல வருஷமாக அவளுக்கு வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே மேசைக்கு வந்தாள்.

"குடுங்க, போட்டுப் பாக்கறேன்."

"இன்னும் ஒரே ஒரு ராவல்தான்."

"குடுங்க."

கொடுத்தார். மோதிரம் விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. நூல் பிடித்த நாளிலிருந்து அந்த விரல் எத்தனை பாத்திரம் துலக்கி, எத்தனை துணி பிழிந்திருக்கும்?

"மோதிரத்துல தப்பே இல்ல. விரல்தான் அளவு மாறிடுச்சு" என்றார் மோதிரக்காரர், பெருந்தன்மையாக.

"கொஞ்சம் பெருசு பண்ண முடியாதா?"

"பண்ணா பல்லெல்லாம் விலகிடும். முதல்லேர்ந்துதான் செய்யணும்."

வருத்தப்பட்டா சொன்னார்? கண் பளபளத்தது. கை அதற்குள் நூலைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு மோதிரத்தை இடது சுண்டுவிரலில் மாட்டினாள். சரியாக உட்கார்ந்தது. திருகினாள்; சக்கரங்கள் ஓடின.

"நல்லா இருக்குங்க" என்றாள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

"இல்ல, ஒரு இடத்துல லேசா தடுக்குது பாரு. குடு, ஒரே நிமிஷம்."

அவள் கையை இறுக மூடிக்கொண்டாள். இன்றுவரை அவர் எதிரில் அந்தக் கையைத் திறப்பதில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மேசை இழுப்பறையில், யாருக்கோ தருவதாகச் சொன்ன ஒன்று இன்னும் கொஞ்சம் சரிசெய்வதற்காகக் கிடக்கிறதா? 'அது வேறு விஷயம், முடியப்போகிறது' என்று சொல்ல வாயெடுத்திருந்தால், தயவுசெய்து உடனே போய் அந்த ஆளின் விரலை இன்னொருமுறை அளந்து பாருங்கள்.