மேஜருக்கு அரை மாத்திரை

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில்தான் பேச்சுச் சத்தம் அதிகம். நேராகச் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்தை மூன்றாம் ஆளிடம் சொல்ல வேண்டும்; அது உரியவர் காதில் விழுகிற மாதிரி குரலையும் உயர்த்த வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதற்குப் பிள்ளைகள் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி இரண்டே வருடமான எங்களுக்குச் சிட்லபாக்கத்து வாடகை வீட்டில் மேஜர்தான் இருந்தான்.

மேஜர் பழுப்பு நிறத் தெருநாய். ராணுவத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். குட்டியாக இருந்தபோது என் கணவர் ஜெயசீலன் தூக்கி வந்து வளர்த்தவன். அந்தக் குடும்பத்துக்கு நான் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே வந்தவன் (அந்த சீனியாரிட்டியை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை).

சண்டைக்குக் காரணம் என் பயம். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பொழிச்சலூரில் என் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். வழியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நான் திரும்ப ஓடிப்போய் கேஸைப் பார்த்துவிட்டு வந்த கதையை இவர் அங்கே எல்லோர் முன்னாலும் நடித்தே காட்டினார். நான் ஓடுவது, பூட்டை இழுப்பது, சிலிண்டரை மோந்து பார்ப்பது, எல்லாம். நடுவில் வீட்டுக்கு மேலே விமானம் போனபோது நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து நான் அவரோடு பேசவில்லை. இனி எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவோ பார்க்கவோ கூடாது என்றும் வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மேஜர் காம்பவுண்டுச் சுவரிலிருந்து குதித்து, பின்னங்காலை நொண்ட ஆரம்பித்தான். இவர் அவனைத் தாம்பரத்தில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்த சமையலறை வாசலில் அவனை உட்கார வைத்து, அவனிடமே விளக்கினார்.

“மேஜர், டாக்டர் என்ன சொன்னார்? எலும்பு முறியல, மூட்டுதான் வீங்கியிருக்கு. வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை. காலையில அரை. ஒரு நாளைக்கு ஒரு தடவதான். வெறும் வயித்துல கூடாது. மனுஷங்க போடுற வலி மாத்திரை எதையும் உனக்குக் குடுக்கவே கூடாது. கேட்டியா?”

மேஜர் வாலை ஆட்டினான்.

“மேஜர், இங்க யாரும் செவிடு இல்லன்னு சொல்லு,” என்றேன் நான்.

மாத்திரைகளை இவரே உடைத்து, ஆறு அரைகளாகக் காகித உறையில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். ஐந்து நாளைக்கு ஐந்து, ஒன்று உபரி. யார் கொடுப்பது என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான், கொடுக்க வேண்டியவனும் நான் என்று இவர் நினைத்துக்கொண்டார். அவ்வளவு விளக்கமாக என் காதில் விழச் சொன்னது நான் கொடுப்பதற்குத்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இவர் பாரிமுனை ஆபீஸுக்குக் காலை ஆறரைக்கே சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிளம்புவார். நான் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேஜருக்குப் பாலில் பிரட் ஊறவைத்துக் கொடுத்து, அரை மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் எட்டு மணிக்கு, ஸ்கூலுக்குக் கிளம்பும் முன், இட்லி கொடுத்து அரை மாத்திரை கொடுத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் அவனுக்கு இரண்டு டிபன். அதைக் காட்டிக்கொடுக்க அவன் என்ன பைத்தியமா?

வியாழக்கிழமை உறையைத் திறந்தபோது கொஞ்சம் குறைந்திருப்பதுபோல் தோன்றியது. சாயங்காலம் இவரைக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். உடனே அண்ணன் வீட்டுச் சிரிப்பு காதில் ஒலித்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் இரண்டாம் தடவை சரிபார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

வெள்ளிக்கிழமை மேஜர் இட்லியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் மாணவிகளின் பரீட்சைப் பேப்பரையே தின்றவன் அவன். பின்கட்டில் மஞ்சளாக வாந்தி கிடந்தது. ஓடிப்போய் உறையைக் கவிழ்த்தேன். ஒரே ஒரு அரை விழுந்தது. நான் கொடுத்தது இரண்டு. நான்கு இருக்க வேண்டும். அப்போதுதான் புரிந்தது.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து இவர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஐந்து நாளில் நான் இவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“மாத்திரை குடுத்தீங்களா?”

“மேஜருக்கா? தினமும் குடுத்துட்டுத்தானே வர்றேன். ஏன்?”

“நானும் குடுத்தேன்.”

டைப்ரைட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. நான் வர்றேன்,” என்று வைத்துவிட்டார்.

ஆட்டோவில் மேஜரின் தலை என் மடியில் கனத்தது. பதினோரு வருடம் இவர் வளர்த்த பிள்ளையை என் வீம்பு கொன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வாய்விட்டு அழுதேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னாக்கா அழுதுகினு வர்றே? அதுக்கு ஒண்ணியும் ஆவாது, கெட்டியா புடிச்சிக்கோ,” என்று சொல்லிவிட்டு ஓட்டிய ஓட்டத்தில், மேஜருக்கு முன்னால் எனக்கு ஏதாவது ஆகிவிடும்போல இருந்தது.

டாக்டர் மேஜருக்கு ஊசி போட்டு முடிக்கும்போது இவரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். மாத்திரை கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். இரண்டு பேரும் கையைத் தூக்கினோம், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?” என்றார்.

இரண்டு பேரும் மேஜரைப் பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மாத்திரை அளவு மீறினால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பிடிக்கும் என்றார். மிச்ச மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் நிறைய வைக்க வேண்டும், வாந்தியில் ரத்தம் வந்தாலோ மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “தேதி கிழிக்கிற காலண்டர் வீட்ல இருக்கில்ல? இனிமே மாத்திரை குடுக்கிறவங்கதான் தாளைக் கிழிக்கணும். சந்தேகம் வந்தா வாயைத் திறந்து கேளுங்க.”

சனிக்கிழமை விடிந்ததும் மேஜரை ஏரிக்கரைக்கு நடத்திப் போனோம். அவன் ஒரு புதரோரம் வேலையை முடித்தான். ஒரு டீச்சரும் ஒரு ஆபீஸரும் இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு குனிந்தோம்.

“கறுப்பா?” என்றேன்.

“பழுப்புதான். நீயும் பாரு.” பிறகு அவரே, “இரு, இன்னொரு தடவ பாத்துடலாம்,” என்றார். அவர் மொத்தம் மூன்று தடவை பார்த்தார். நான் எண்ணினேன்.

அந்த நேரம் பார்த்து, வாக்கிங் வந்த எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் எங்கள் தலைக்கு மேல் நின்று, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். இவர் வாய் தவறி, “மோதிரம் சார்,” என்றார். அந்த நல்ல மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு குந்தித் தேட ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் தேடினோம். ஒரு மாதம் வரை தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் மோதிரம் கிடைத்ததா என்று கேட்டார்கள்.

மேஜர் பிழைத்துக்கொண்டான். இன்னும் மூன்று வருடம் இருந்தான். அதற்குப் பிறகு மாத்திரை கொடுத்த நாளிலெல்லாம் காலண்டர் ஒழுங்காகக் கிழிந்தது. பின்னால் பிறந்த எங்கள் மகள்தான் இப்போது பொழிச்சலூர் வீட்டில் இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறாள். விமானம் வந்தால் நிறுத்துகிறாள். கேஸ் கதை எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது.

இப்போது முழங்கால் வலி மாத்திரை இவருக்கு. போன மாதம் ஏதோ சண்டை, இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலை நான் மாத்திரையை எடுத்துவைத்துத் தாளைக் கிழித்தேன். பிறகு பார்த்தால் காலண்டரில் நாளைய தேதி; எனக்கு முன்பே இவரும் கிழித்திருக்கிறார். நேராகப் போய்க் கேட்டேன்.

“எத்தனை போட்டீங்க?”

“ஒண்ணுதான்.”

இன்னொரு தடவை கேட்டேன். ஒண்ணுதான் என்றார். மூன்றாம் தடவையும் கேட்டேன். அதற்கும் பதில் சொன்னார், சிரிக்காமல்.

பக்கத்து அறையிலிருந்து மகள் குரல் வந்தது: “மேஜர், ரெண்டு பேரும் பேசிட்டாங்க.”