முனிக்கு நேர்ந்த மெசின்

அரிசிமாவைத் தானே வறுக்கும் மெசின் ஒன்றைச் செய்து இந்த நாட்டையே உலுக்குவது என்று முடிவெடுத்தேன். சிறுகைத்தொழிலில் புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம். எங்கள் ஊர் முரசுமோட்டை முழுக்க அதைப் பரப்பினேன். பழைய பீப்பா ஒன்று, பழைய மோட்டர் ஒன்று. ஓட்டினேன். மா கரியானது. மோட்டர் புகைந்தது. வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, மெசின் நின்ற பாலை மரத்தடிக் கொட்டிலைச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை மானியத்துக்காகப் பார்வையிட அரசாங்க ஆள் வருகிறார். ஊர் முகத்தில் எப்படி முழிப்பது?

"இஞ்சாருங்கோ, திருத்தேலாதே?" என்றாள் மனைவி கமலாசனி.

"மெசினைப் பற்றி உனக்கென்ன தெரியும்? போய்க் குசினியில அடுப்பைப் பார்."

கொட்டிலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் உச்சிவெயிலில் வயலிலிருந்து வந்தேன். காற்று இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுக் கமலாசனி மாதர் சங்கத்துக்கென்று போயிருந்தாள். முதல் பிடியை வாயில் வைக்கிறேன், கொட்டிலுக்குள் பீப்பா சுற்றுகிறது. கிறீச்... கிறீச்... வயர் இல்லை. கரண்ட் இல்லை. கிடுகுக் கூரைக்கு மேலால் மெல்லப் புகை எழும்பியது. எங்கள் நாய் கொட்டில் வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது. பாலை மரத்து முனிக்கு வாலாட்டும் நாயை அன்றைக்குத்தான் கண்டேன்.

பின்னேரம் அவளிடம் சொன்னேன்.

"பாலை மரத்தடி எல்லே?" அவள் குரல் தணிந்தது. "உச்சியில முனி உலாவிற நேரம். அந்தப் பக்கம் போகாதேங்கோ."

அவள் நெற்றி, காது, புருவமெல்லாம் வெள்ளை. பாவம், பயத்தில் திருநீறு அள்ளிப் பூசியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு உச்சியிலும் பீப்பா சுற்றியது. வியாழக்கிழமை சட்டென்று நின்றது. உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். சோற்றைப் போட்டுவிட்டு எழும்பினேன். கொட்டில் வாசலில் கற்பூரம் கொளுத்தினேன்.

"முனியப்பா! மெசினை உனக்கே நேர்ந்து விட்டிட்டன். என்னை விட்டிடு!"

மூச்சு அடங்கியது. பீப்பாவுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று வந்தது.

"சத்தியமே?"

"சத்தியம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சிறுகைத்தொழில் உத்தியோகத்தர் யதுர்ஷிகா வந்தார். கமலாசனி தானே போய்க் கொட்டிலைத் திறந்தாள். மோட்டர் இருந்த இடத்தில் ஓர் உடைந்த சைக்கிள் நின்றது. அதன் சங்கிலி பீப்பாவில் பூட்டியிருந்தது. அடுப்பை மூட்டி, ஏறி மிதித்தாள். கிறீச்... கிறீச்... மா கருகாமல் பொலபொலவென்று கொட்டியது. அவள் நெற்றியில் மா வெள்ளையாகப் படிந்தது.

"கரண்ட் இல்லாமலே! இதெல்லே புதுமை," என்றார் யதுர்ஷிகா. "மானியம் ஆற்றை பேரில?"

"என்ரை பேரில," என்றேன்.

"நேர்ந்ததைத் திருப்பி எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாதப்பா," என்றாள் கமலாசனி. அதே கனத்த குரலில்தான். "மிஸ், என்ரை பேரைப் போடுங்கோ."

யதுர்ஷிகா சிரித்தார். "சரி. வேலைக்கு ஆள் இருக்கோ?"

கமலாசனி சைக்கிளை விட்டு இறங்கி என்னைப் பார்த்தாள். நான் ஏறி மிதித்தேன்.