பொரியாத முட்டைகள்

"ஏம்மா, ஈ முட்டை பொரியலைன்னா அதுக்குப் போயி யாராவது அழுவாங்களா?"

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அப்பா ஆய்வகத்தில் ஒருநாள் கேட்டார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூடப் பொரியலைப்பா."

மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாள். அப்பா கேரியரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பழ ஈயின் முட்டை வளரும்போது, அதைச் சுற்றியுள்ள செல்கள் ஓடு கட்டுவதற்கான டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுக்கும். அதை முடுக்கிவிடுவது ஒரு குறிப்பிட்ட புரதம் என்பது அவள் கட்சி. அந்தப் புரதம் இல்லாத ஈக்களை வளர்த்தாள். முட்டைகளின் ஓடு நனைந்த காகிதமாக மடங்கியது, ஒன்றும் பொரியவில்லை. அவள் சொன்னது சரி. படித்து முடித்தும் ஈ ஓட்டுகிறாள் என்று கேலி செய்த சொந்தக்காரர்களுக்கு இனி பதில் உண்டு.

அடுத்த வாரம், அவள் மேசைமேல் இருந்த ஈக் குப்பி ஒன்றில் முட்டை பொரிந்து புழு நெளிந்தது.

அந்தக் குப்பியை யாருக்கும் சொல்லாமல் ஒழித்துக்கட்டினாள். மற்றவை கண்ணெதிரே இருக்கட்டும் என்று உள்ளறையிலிருந்து தன் மேசைக்கு மாற்றினாள். இரண்டொரு வாரத்தில் எல்லாக் குப்பியிலும் புழு. தீனி கெட்டிருக்கும் என்றாள் பக்கத்து மேசைத் தோழி. புதுத் தீனி போட்டாள். புழுக்கள் அதை ருசித்துத் தின்று கொழுத்தன.

வேறு வழியில்லாமல் ஆராய்ச்சி கைடிடம் சொன்னாள். திட்டு விழும் என்று நினைத்தவளுக்கு நாற்காலி போட்டார்.

"உன் புரதம் இல்லாமலே வேலை நடக்குதுன்னா, இன்னொரு புரதம் இருக்குன்னு அர்த்தம். நான் அப்பவே நினைச்சேன்."

எப்போது நினைத்தார் என்று அவள் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் அந்தப் புதுப் புரதத்துக்குத் தன் பெயரின் முதலெழுத்தையே வைத்துவிட்டார். அவளுடைய ஆய்வேட்டைப் பரணில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

"வெளி ஈ ஏதாவது கலந்திருக்கும் சார். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். என் புரதத்து மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

"என் லேப்ல வெளி ஈ எப்படிம்மா நுழையும்? குப்பி வாயில பஞ்சு எதுக்கு அடைச்சிருக்கு?"

மறுநாள் மதியம் மற்ற துறைப் பேராசிரியர்களை அழைத்துவந்து, அவள் மேசைமுன் நிறுத்தி, ஒரு குப்பியைத் தூக்கிப் பிடித்துத் தன் புரதத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். அவள் ஓரமாக நின்றாள். அப்போது கேரியரோடு அப்பா வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கியவர், குப்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"பொரிஞ்சிடுச்சாம்மா? நீ அழுதது மனசு கேக்கல. நீ கை கழுவப் போறப்பல்லாம், நம்ம வீட்டு வாழைப்பழத்துல மொய்க்கிற ஈயைப் பிடிச்சுட்டு வந்து குப்பிக்கு நாலா விட்டேன்."

"சந்தோஷத்துல அழுதேன்ப்பா" என்றாள் அவள்.

கைடு குப்பியை மெதுவாக மேசையில் வைத்தார். பஞ்சை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.